ஃபுல் சஸ்பென்ஷன் சைக்கிளில் பின்னால் சாயாதீர்கள்: ஏலத்தோட்டத்து ஜீப் ரோட்டில் பழகும் முறை

முன்னால் மட்டும் ஷாக் உள்ள ஹார்ட்டெயில் மலை சைக்கிளில் இருந்து, பின்னாலும் ஷாக் உள்ள ஃபுல் சஸ்பென்ஷனுக்கு மாறியவர்கள் முதலில் சொல்வது, "மெத்து மெத்துன்னு இருக்கு." அடுத்த வாரம் சொல்வது, "இறக்கத்துல முன்சக்கரம் வழுக்குது, ஏத்தத்துல பெடல் கல்லுல இடிக்குது." வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. பின்னால் ஷாக் இல்லாத வண்டியில் பழகிய உடம்பு, அதே வேலையை இங்கேயும் செய்துகொண்டிருக்கிறது.

பழகுவதற்குத் தோதான இடமாக நான் சொல்வது, போடிமெட்டு தாண்டி கேரளத்தில் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் உள்ள ஏலத்தோட்ட ஜீப் ரோடுகள். இரண்டு பக்கமும் டயர் தடம், நடுவில் புல்லும் கல்லும் மேடிட்டுக் கிடக்கும். செங்குத்தான இடங்களில் பாறைச் சல்லி பதித்திருப்பார்கள். எல்லாம் தனியார் தோட்டம், சூப்பர்வைசரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.

படி 1: காற்று

ஷாக்குக்குள் அடிக்கும் காற்றைச் சரியாக வைக்காமல் மற்றதைப் பேசிப் பயனில்லை. நீங்கள் உட்கார்ந்ததும் ஷாக் கொஞ்சம் அமுங்க வேண்டும். அதற்குப் பெயர் சாக். மொத்த ஓட்டத்தில் பின்னால் 25 முதல் 30 சதவீதம், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் 20 சதவீதத்தை ஒட்டி வைத்துத் தொடங்கலாம். ஷாக் தண்டு 50 மி.மீ. ஓடும் என்றால் 15 மி.மீ. அமுங்கினால் 30 சதவீதம். ஃபோர்க் 130 மி.மீ. என்றால் 26 மி.மீ.

சாதாரணக் காற்றடிக்கும் பம்ப் இதற்கு ஆகாது, ஷாக் பம்ப் வேண்டும். பல ஷாக்குகளுக்கு உடல் எடையைப் பவுண்டில் கணக்கிட்டு அதே எண்ணை பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) ஆக வைத்துத் தொடங்குவார்கள். 70 கிலோ ஆள் என்றால் ஏறக்குறைய 154. ஷாக்கில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்டாதீர்கள். ஒரேயடியாக அடிக்காமல், 50 பி.எஸ்.ஐ.க்கு ஒருமுறை சீட்டை நாலைந்து தடவை அமுக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு அறைகளிலும் காற்று சமமாகும்.

பிறகு தண்ணீர்ப் பை, ஹெல்மெட் எல்லாம் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்காருங்கள். தண்டில் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்தை, தண்டு உள்ளே நுழையும் இடத்து சீல் வரைக்கும் நண்பரைத் தள்ளச் சொல்லுங்கள். குலுக்காமல் மெல்ல இறங்கி, சீலிலிருந்து வளையம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று ஸ்கேலால் அளந்தால் கணக்கு தெரிந்துவிடும். ஃபோர்க்குக்கு மட்டும் பெடலில் எழுந்து நின்று அளக்க வேண்டும்.

பம்பைக் கழற்றும்போது 'உஸ்' என்று சத்தம் வரும். பயந்து மறுபடி மாட்டாதீர்கள். அது குழாயில் இருந்த காற்று. மாட்டும்போது முள் இறங்கிக் காட்டுவதும் அதே குழாய் நிறைவதால்தான். இன்னொன்று: போடி வெயிலில் அடித்த காற்று மலைக்குளிரில் இறங்கிவிடும். போடிமெட்டு ரோட்டின் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்து, மேலே வந்து ஒருமுறை பாருங்கள்.

படி 2: ரீபவுண்ட்

அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக எழும் என்பதுதான் இது. திருகை முழுக்க மூடி, கிளிக் எண்ணிப் பாதிவரை திறங்கள். உட்கார்ந்தபடியே ஒரு சின்னப் படியிலிருந்து வண்டியை இறக்குங்கள். சீட் ஒருமுறை எழுந்து அடங்கினால் சரி. இரண்டு மூன்று முறை ஆடினால் இன்னும் மூடுங்கள். ரொம்ப மூடிவிட்டால் தொடர்கல்லில் ஷாக் எழ நேரமில்லாமல் அமுங்கியே கிடந்து, கட்டை வண்டி மாதிரி அடிக்கும்.

படி 3: ஏற்றம்

ஹார்ட்டெயிலில் கல் வந்தால் சீட்டைவிட்டு எழுவோம். இங்கே எழ வேண்டாம். உட்கார்ந்து, லேசான கியரில், ஒரே சீராக மிதியுங்கள். பின்சக்கரம் தரையை விடாமல் தானே ஒட்டிக்கொண்டு வரும். எழுந்து நின்று மிதித்தால் பலத்தில் ஒரு பங்கை ஷாக் விழுங்கிவிடும். தார் ரோட்டில் ஷாக்கை அமுங்காமல் பூட்டும் லாக்கவுட் போடலாம். மண் பாதை வந்ததும் திறக்க மறக்கும் கூட்டம்தான் அதிகம்.

செங்குத்தில் பின்னால் அமுங்குவதால் முன்சக்கரம் மேலே தூக்கும். சீட் நுனிக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, நெஞ்சைத் தாழ்த்துங்கள்.

பெடல் இடிப்பதற்குக் காரணம், நீங்கள் உட்கார்ந்ததும் வண்டியே தாழ்கிறது. நடு மேட்டில் கல் துருத்திக்கொண்டிருந்தால் முழுச்சுற்று மிதிக்காமல், பாதி மிதித்துப் பின்னுக்கு எடுத்து மறுபடி மிதியுங்கள்.

படி 4: இறக்கம்

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். ஹார்ட்டெயிலில் பயம் வந்தால் இடுப்பைச் சக்கரத்துக்கு மேல் பின்னால் தள்ளுவோம். இதில் அப்படிச் செய்தால் பின் ஷாக் ஆழமாக அமுங்கும், முன்னால் பாரம் குறையும், வளைவில் முன் டயருக்குப் பிடி இருக்காது. வழுக்கி விழுந்துவிட்டு டயரைக் குறை சொல்வார்கள்.

நடுவில் நில்லுங்கள். சீட்டைத் தாழ்த்தி, பெடல் இரண்டையும் சமமாக வைத்து, குதிகாலை இறக்கி, இடுப்பை கிராங்குக்கு (பெடல் சுற்றும் அச்சுக்கு) நேர்மேலே வையுங்கள். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. கை ஹேண்டில்பாரை இழுக்கிறதா? ரொம்பப் பின்னால் இருக்கிறீர்கள். தள்ளுகிறதா? முன்னால் விழுந்துகிடக்கிறீர்கள். இரண்டும் இல்லாமல் பாரமெல்லாம் பாதத்தில் இருந்தால் சரியான இடம். ஷாக் இருக்கிறதே என்று காலை விறைத்துக்கொண்டும் நிற்கக் கூடாது. சின்னச் சல்லியை ஷாக் பார்த்துக்கொள்ளும், பெரிய கல்லுக்கு முழங்கால்தான் மடங்க வேண்டும்.

பிரேக்கைக் கல்லுக்கு முன்னால், தரை சமமாக இருக்கும்போதே பிடியுங்கள். கல் மேல் ஏறும்போது விடுங்கள். பிடித்தபடியே போனால் முன் ஃபோர்க் ஏற்கனவே அமுங்கியிருக்கும், அடுத்த அடியைத் தாங்க மிச்சம் இருக்காது. லீவருக்கு ஒரு விரல் போதும்.

குலுக்கல் தெரியாததால் வேகமும் தெரியாது. ஆரம்பத்தில் ஹார்ட்டெயிலில் போன வேகத்திலேயே போய், பார்வையை மட்டும் இன்னும் தூரத்தில் வையுங்கள். காலையில் போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து வேலையாட்களை ஏற்றிவரும் ஜீப்புகள் எந்த வளைவிலும் எதிரே வரும். ஒரு டிரைவர் அண்ணன் சொன்னது: "தம்பி, சத்தம் கேட்டா மலைப்பக்கம் ஒதுங்கு. பள்ளத்துப் பக்கம் போயிறாத." 2023-ல் அரிக்கொம்பன் என்ற காட்டு யானையைப் பிடித்துக் கொண்டுபோனது சின்னக்கானல் பக்கத்திலிருந்துதான், யானைகள் இன்னும் நடமாடும் பகுதி. இருட்டுக்கு முன்னே கிளம்பிவிடுங்கள்.

படி 5: தாண்டுதல்

வேரையோ வாய்க்காலையோ தாண்ட ஹார்ட்டெயிலில் சட்டென்று தூக்கிவிடலாம். இங்கே அந்த அவசரத்தை ஷாக் விழுங்கிவிடும். காலால் ஆழமாக அமுக்கி, ஷாக் எழும் நொடிக்குக் காத்து, அதோடு சேர்ந்து தூக்குங்கள். முதலில் முன்சக்கரத்தை மட்டும் தூக்கிப் பழகினால் போதும்.

ஓட்டி முடித்ததும்

ஷாக் தண்டையும் ஃபோர்க் காலையும் ஈரத்துணியால் துடையுங்கள். செம்மண் சீலுக்குள் போனால் தண்டில் கீறல் விழும். வாட்டர் சர்வீஸ் கடையில் விட்டு, சீலிலும் இணைப்புகளிலும் பீய்ச்சி அடிக்கச் சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். பின்பக்க இணைப்புகளில் உள்ள போல்ட்டுகளை அவ்வப்போது டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) வைத்துப் பாருங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற நியூட்டன் மீட்டர் அளவு பல வண்டிகளில் போல்ட்டிலோ வண்டிச் சட்டத்திலோ எழுதியிருக்கும்.