கொழுப்பைக் கரைக்கப் போய்ச் செய்யும் தவறுகள்

குன்னூரில் ஜிம் பயிற்சியாளராக இருக்கிறேன். கல்யாணம் நிச்சயமான கையோடு சேருகிற பையன்கள் பையிலேயே கொழுப்பைக் கரைப்பதாகச் சொல்லி விற்கிற ஃபேட் பர்னர் டப்பாவையும் கொண்டுவருகிறார்கள். எங்கள் செட் ஆட்கள் அந்தக் காலத்தில் அடித்த அதே கூத்து. தண்ணீர் குடி, நேரத்துக்குத் தூங்கு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும்; விட்டுவிடுகிறேன்.

சளி மாத்திரையைக் கணக்கில் சேர்க்காதது

எனக்கு இன்னும் எரிச்சல் மூட்டுவது இதுதான். டிசம்பர் பனியில் இங்கே யாருக்குத்தான் மூக்கு ஒழுகாது? மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வோம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் பாராசிட்டமாலோடு ஃபினைலெஃப்ரினும் காஃபினும் இருக்கும். ஃபினைலெஃப்ரின் ரத்தக் குழாயைச் சுருக்கித்தான் மூக்கடைப்பைக் குறைக்கப் பார்க்கிறது. பர்னரில் 'கசப்பு ஆரஞ்சு' என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது சினெஃப்ரின், அதற்குப் பங்காளி.

ஒரு பையன் பர்னர், சளி மாத்திரை, ஸ்ட்ராங் காபி மூன்றையும் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து சிம்ஸ் பூங்காவுக்கு மேட்டில் ஓடினான். பெட்ஃபோர்டு தாண்டவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். விரல் நடுக்கத்தில் போனைக்கூடத் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் பி.பி. எகிறியிருந்தது. அப்போதும், "மூலிகைதானே அண்ணா?" என்கிறான்!

முன்பு எடை குறைப்பு மாத்திரைகளில் சேர்த்த எபிட்ராவும் மூலிகைதான். 2003-ல் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர் பயிற்சியில் உடல்சூடு ஏறி இறந்ததில் அதற்குப் பங்கு இருந்தது. 2004-ல் அமெரிக்கா எபிட்ரா சப்ளிமெண்ட்டுகளைத் தடை செய்தது. அந்த இடத்தைப் பிடிக்க வந்ததுதான் சினெஃப்ரின்.

சரி, காஃபின்? ஆரோக்கியமானவருக்கே ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம்தான் எல்லை. காபி, பர்னர், மாத்திரை எல்லாம் சேர்த்து. கீழிருந்து புதிதாக மலைக்கு வந்தவருக்கு இதயம் ஏற்கெனவே வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருக்கும்.

கிரீன் டீ கேப்சூல்

தேயிலைக்கு நடுவில் வளர்ந்தவர்களுக்கு இதில் பயமே கிடையாது. கோப்பையில் குடிப்பது வேறு, சாரத்தை இறுக்கிக் கேப்சூலில் அடைப்பது வேறு. கிரீன் டீ சாரத்தில் இருக்கிற இ.ஜி.சி.ஜி. என்ற பொருள் நாளைக்கு 800 மில்லிகிராம் போனால் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் சொன்னது. கண் மஞ்சளானால் உடனே நிறுத்துங்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.

ஆஸ்பிரின் சேர்ப்பது

கொழுப்பு கரையாது. வயிற்றில் ரத்தம் கசியலாம்.

ஆஸ்துமா மாத்திரை

அது ஆஸ்துமாவுக்கு; கொழுப்பைக் கரைக்க அல்ல.

டாக்டரிடம் மறைப்பது

பி.பி., தைராய்டு, மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்கள் டப்பாவைத் திறக்கும் முன்பே கொண்டுபோய்க் காட்டுங்கள். வாயால் சொன்னால் போதாது. அந்த லேபிளை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது.