ஐபி முகவரி மோசடி: எங்கே கோட்டை விடுகிறோம்?

இணையத்தில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்தான் ஐபி முகவரி. அதன் பழைய வடிவமான ஐபிவி4-இல் முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அதுவரை கேட்டவர்களுக்குக் கிடைத்துவந்த முகவரிகளுக்குச் சந்தை விலை வந்தது; கூடவே மோசடியும் வந்தது. இதற்குப் பெரிய கணினி வித்தை எதுவும் வேண்டாம். எந்த முகவரி யாருடையது என்று பதிவகங்கள் (முகவரிகளை ஒதுக்கும் அமைப்புகள்) வைத்திருக்கும் பதிவேட்டில் ஒரு பெயரையோ மின்னஞ்சலையோ மாற்றினாலே போதும்.

அதிகம் பேர் கோட்டை விடுவது பழைய மின்னஞ்சலில்தான். தொண்ணூறுகளில் முகவரித் தொகுதி வாங்கிய ஒரு நிறுவனம் பிறகு இன்னொன்றோடு இணைந்துவிடுகிறது. பதிவேட்டிலோ பழைய டொமைனில் (இணையப் பெயரில்) உள்ள மின்னஞ்சலே நிற்கிறது. அந்த டொமைனை யாரும் புதுப்பிப்பதில்லை. காத்திருந்த ஒருவன் அதைச் சொற்பக் காசுக்கு வாங்கி, அதே மின்னஞ்சலை உயிர்ப்பித்து, கடவுச்சொல்லை மாற்றக் கேட்கிறான். பதிவகத்தின் பதில் நேராக அவனிடமே போகிறது. அடுத்து, பழைய நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் ஓர் அனுமதிக் கடிதம். அதை நம்பி ஓர் இணையச் சேவை நிறுவனம் அந்தத் தொகுதியை அறிவிக்கிறது, அதாவது அந்த முகவரிகளுக்கான போக்குவரத்தைத் தன்னிடம் அனுப்பும்படி மற்ற வலையமைப்புகளுக்குச் சொல்கிறது. அந்த முகவரிகள் ஸ்பேம் (வேண்டாத மின்னஞ்சல்) தடைப்பட்டியலில் ஏறிய பிறகுதான் உரிமையாளருக்கே விஷயம் தெரியும். நிறுவனத்தின் பெயர் மாறினாலும் பழைய டொமைனைக் கைவிடாதீர்கள். தொடர்பு மின்னஞ்சல் தனி ஆளின் பெயரில் இல்லாமல் பொறுப்பின் பெயரில் இருக்கட்டும்.

முகவரி ஒதுக்குபவர்கள் செய்யும் பெரிய தவறு, காகிதம் சரியாக இருந்தால் போதும் என்று விட்டுவிடுவது. வட அமெரிக்கப் பதிவகமான ஆரினிடம் மிக்ஃபோ என்ற நிறுவனம், இல்லாத ஆட்களின் பெயரில் போலி நிறுவனங்களைக் காட்டி, நோட்டரி முன் கையெழுத்தான வாக்குமூலங்களையும் கொடுத்து, 7 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளைப் பெற்றது. 2019-இல் வழக்கு வந்தது. அதன் தலைவர் 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். இப்படிப்பட்ட விண்ணப்பங்களைத் தனித்தனியாகப் பார்த்தால் குறை தெரியாது. அருகருகே வைத்து, ஒரே தொலைபேசி எண்ணா, ஒரே உபகரண ரசீதா, சமீபத்தில் பதிவான டொமைனா என்று பார்க்க வேண்டும்.

உள்ளே இருப்பவரைச் சோதிக்காமல் விடுவதும் ஆபத்துதான். ஆப்பிரிக்கப் பதிவகமான ஆஃப்ரினிக்கில் உள்ளிருந்தே பதிவேடு திருத்தப்பட்டு, சுமார் 40 லட்சம் முகவரிகள் முறைகேடாகக் கைமாறின. பதிவேட்டில் ஒருவர் மாற்றினால் இன்னொருவர் ஒப்புதல் தரவேண்டும், மாற்றத்தின் சுவடு அழியாமல் இருக்கவேண்டும். இதில் சலுகையே கூடாது.

முகவரி வாங்குபவர்களுக்கு ஒன்று: பதிவகத்தில் பெயர் மாறும் முன் முழுப் பணத்தையும் விற்பவர் கையில் கொடுக்காதீர்கள். மூன்றாம் தரப்பு ஒருவரிடம் பணத்தை வைத்து, பெயர் மாறிய பிறகு கொடுப்பதே நல்லது.

சரி, முகவரி உரிமையைச் சான்றிதழால் உறுதிசெய்யும் ஆர்பிகேஐ (RPKI) முறையில், எந்த வலையமைப்பு உங்கள் முகவரியை அறிவிக்கலாம் என்று சொல்லும் ஆர்ஓஏ (ROA) என்ற பதிவைப் போட்டுவிட்டால் கவலையில்லையா? கட்டாயம் போடுங்கள், வேறொருவர் உங்கள் முகவரியைத் தவறாக அறிவிப்பதைத் தடுக்க அது உதவும். ஆனால் பதிவகக் கணக்கையே கைப்பற்றியவன் ஆர்ஓஏ-வையும் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வான். ஆகவே கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள், வேலையை விட்டுப் போனவரின் அனுமதியை அன்றைக்கே நீக்குங்கள்.