எண்ட்லர் - கப்பி கலப்பு: பெண் மீனைப் பிரிக்கிற வேலை

கொழும்பில் கப்பி வடிகானிலேயே தானாகப் பெருகுகிற மீன். அதனால் தொட்டி வைப்பது, பைப் தண்ணியைப் பிடித்து ஒருநாள் விடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எதோடு எது சேரும் என்று பார்ப்போம். கப்பியும், அதற்கு நெருங்கிய உறவான எண்ட்லர் என்ற சிறு மீனும் சேரும், பிறக்கும் குஞ்சுகளும் வளர்ந்து குட்டி போடும். குட்டி போடுகிற மற்ற மீன்களில் பிளட்டியும் சோர்டெயிலும் அப்படித்தான். கப்பியும் மொலியும் எப்போதாவது சேரும், ஆனால் குஞ்சுகள் பெரும்பாலும் மலடு. கப்பியும் பிளட்டியும் சேராது, கடைக்காரர் என்ன சொன்னாலும். பழகுவதற்கு எண்ட்லர் ஆணும் கப்பிப் பெண்ணும் போதும்.

இனி நான் மாட்டுப்பட்ட இடம். கடையில் நல்ல பெரிய கப்பிப் பெண் ஒன்று வாங்கி, எண்ட்லர் ஆணோடு விட்டேன். ஒரு மாதத்தில் குஞ்சு வந்தது, எனக்கோ பெரிய சந்தோஷம். வளர வளரப் பார்த்தால் அத்தனையும் சாதாரணக் கப்பி! கப்பிப் பெண் ஒருமுறை சேர்ந்தால் அந்த விந்தை மாதக்கணக்கில் உடம்பிலேயே வைத்திருந்து, ஆணே இல்லாமல் அடுத்தடுத்து குட்டி போடும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. கடையில் ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில்தானே கிடக்கின்றன.

ஆகவே சேராத பெண்ணை நீங்களேதான் வளர்த்து எடுக்க வேண்டும். குஞ்சு பிறந்த நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். மூன்றாவது வாரம் தொடங்கியதும் ஒவ்வொன்றாக ஜாம் போத்தலில் விட்டு, பின்னால் ஃபோன் டோர்ச்சைப் பிடித்துப் பாருங்கள். வயிற்றுக்குக் கீழே உள்ள செட்டை விசிறி மாதிரி விரிந்து, அதன் அருகே கரும்புள்ளி இருந்தால் பெண். செட்டை ஒடுங்கிக் குச்சி மாதிரி நீளத் தொடங்கினால் ஆண், உடனே வேறு பேசினுக்கு மாற்றுங்கள். நம்முடைய சூட்டில் சீக்கிரம் முற்றிவிடும், ஐந்தாவது வாரம் பார்க்கலாம் என்று விட்டால் காரியம் கெட்டது.

கண்ணாடித் தொட்டியை விட எனக்கு ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டிதான் பிடிக்கும். மலிவு, பல்கனி வெயிலிலும் தண்ணி சட்டென்று சுடாது. ஒரு ஸ்பொஞ்ச் ஃபில்டர், கை நிறைய ஹைட்ரில்லா நீர்ச்செடி, வேறெதுவும் வேண்டாம். மீன் இல்லாத பேசினில் மட்டும் தண்ணி விட்டு வைக்காதீர்கள், நுளம்பு குடியேறினால் பி.எச்.ஐ.க்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு) பதில் சொல்ல வேண்டி வரும்.

பெண்ணுக்கு மூன்று மாதம் ஆனதும் எண்ட்லர் ஆணை விடுங்கள். ஏறக்குறைய நான்கு வாரத்தில் குட்டி போடும், முதல் ஈற்றில் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குஞ்சுகளை எண்ட்லர் என்று சொல்லி யாருக்கும் கொடுக்காதீர்கள், கால்வாயிலும் கொட்டாதீர்கள்.

பிளட்டி - சோர்டெயில் செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடம்பில் கரும்புள்ளி உள்ள பிளட்டியைச் சோர்டெயிலோடு சேர்த்து, வருகிற கலப்புக் குஞ்சை மறுபடி சோர்டெயிலோடு சேர்த்தால் சில குஞ்சுகளில் அந்தப் புள்ளி புற்றுநோயாகவே வளரும். 1920களிலிருந்து ஆய்வுகூடங்களில் படிக்கிற விஷயம் இது. புள்ளியில்லாத மீனை எடுங்கள்.

பிற்சேர்க்கை: "பிரித்து வைத்த பெண்களே குட்டி போட்டுவிட்டன" என்று ஒருவர் எழுதியிருந்தார். படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தால், பெண்களோடு பிந்தி முற்றிய ஆண் ஒன்று ஒளிந்திருக்கிறது. எனவே இரண்டு நாளுக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். பெண்களை ஆளுக்கொரு போத்தலில் ஆறு வாரம் தனியே வைத்து, குட்டி வராவிட்டால் மட்டும் ஆணை விடுங்கள். நானும் இப்போது அப்படித்தான் செய்கிறேன், பல்கனி முழுக்கப் போத்தல்.