தகரப்பெட்டியும் சீஆர் கொப்பியும்: பிரியாவிடைக் காசைப் பார்ப்பது எப்படி

இந்த வருஷம் தரம் 13 வணிகப் பிரிவில் பொருளாளராக மாட்டுப்பட்டிருக்கும் தங்கச்சிக்கு வாழ்த்துகள், கூடவே கொஞ்சம் அனுதாபமும்.

2022ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையை 2023 ஜனவரியில் எழுதிய வகுப்பு எங்களுடையது. கொழும்பில் ஒரு பெண்கள் பாடசாலை, வணிகப் பிரிவில் 42 பேர். கணக்கீட்டில் எல்லாரும் கெட்டிக்காரிகள். பேரேட்டைத் தந்தால் கணிப்பான் இல்லாமலே பரீட்சை மீதியைச் சமப்படுத்திவிடுவோம். ஆனால் எங்கள் சொந்தப் பிரியாவிடை விழாவுக்குச் சேர்த்த காசு முதல் மாதத்திலேயே கணக்கோடு ஒத்துவராமல் 3,600 ரூபா இடித்தது. அந்தக் கதைக்கு வருகிறேன்.

முதலில் பொறுப்பாசிரியரிடம் போங்கள். பாடசாலைப் பெயரைச் சொல்லி ஒரு ரூபா சேர்த்தாலும் அதிபருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெரிய தொகையைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினூடாக எப்படி வைப்பிலிடுவது, எப்படி எடுப்பது என்பதையெல்லாம் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் கையொப்பத்துக்கு அலைவதிலேயே நாள் போய்விடும்.

அடுத்தது தலைக்கு எவ்வளவு என்பது. நாங்கள் 3,500 என்று வைத்து மூன்று தவணையாக வாங்கினோம். வகுப்பில் சத்தமாகப் பேசுகிறவர்களிடம் கேட்டால் 7,000 என்பார்கள். பேசாமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருப்பவளை மனதில் வைத்துத் தொகையை முடிவு செய்யுங்கள். கட்டாதவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதவே கூடாது. எங்களில் ஒருத்தி அப்படி எழுதினாள். பெயர் வந்த பிள்ளை இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை.

இனிக் கணக்கு. இரண்டு பேர் வேண்டும். காசை வைத்திருப்பவள் கொப்பியில் எழுதக் கூடாது, எழுதுகிறவள் காசைத் தொடக் கூடாது. வணிகக் கல்வியில் அகக் கட்டுப்பாடு என்று பாடமாக்கியது இதைத்தான். ஒரு பெரிய சீஆர் கொப்பி வாங்கி இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது என்று காசேடு போடுங்கள். காசு கை மாறும்போதே எழுதுங்கள். "இன்டர்வெலில் எழுதுவோம்" என்றால் அது எழுதப்படாது. தினமும் கடைசிப் பாடம் முடிந்ததும் இருவரும் சேர்ந்து பெட்டியை எண்ணி, கொப்பியோடு ஒப்பிட்டுக் கையொப்பம் வையுங்கள்.

நாங்கள் அப்படித் தினமும் எண்ணவில்லை. எழுதுவது என் வேலை, மைலோ தகரப்பெட்டி என் கூட்டாளியிடம். மாதக் கடைசியில் எண்ணியபோது கொப்பியைவிடப் பெட்டியில் 3,600 குறைவு. இரண்டு நாள் யாரும் வாய்விட்டு எதுவும் கேட்கவில்லை, ஆனால் எல்லார் கண்ணும் அவள் பையில்தான். அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்து வாங்கில் பேச்சு நின்றுவிடும். மூன்றாம் நாள் கணக்கீட்டு மிஸ் கொப்பியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வித்தியாசத்தை ஒன்பதால் பிரித்துப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். 3,600 ஒன்பதால் மீதியில்லாமல் பிரியும். இரண்டு இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டால் வித்தியாசம் எப்போதும் அப்படித்தான் வரும். தேடினோம். ரோல்ஸும் பற்றிஸும் விற்ற நாளில் வந்த காசு 5,900. நான் எழுதியிருந்தது 9,500. என் கை, என் பேனை. அவளிடம் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள், ஆனால் பெட்டியை அதற்குப் பிறகு தொடவில்லை. ஆகவே கணக்கு இடித்தால் ஆளைப் பார்க்க முன்னம் ஒன்பதால் பிரித்துப் பாருங்கள். பிரியாவிட்டால் வித்தியாசத்தின் பாதித் தொகையைத் தேடுங்கள், வரவில் போட வேண்டியதைச் செலவில் போட்டிருக்கக்கூடும்.

பிரியாவிடைக்கு அச்சிடும் நினைவு மலருக்கு விளம்பரம் சேர்க்க வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, செட்டியார் தெரு என்று போவீர்கள். அதிபரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள கடிதம், பக்க அளவுக்கேற்ற விலைப்பட்டியல், பற்றுச்சீட்டுப் புத்தகம் மூன்றும் கையில் இருக்கட்டும். வார நாளில் காலை பத்து மணி நல்ல நேரம். தீபாவளிக்கு முதல் வாரம் நகைக்கடைக்குள் போய் நின்றால் யாரும் நிமிர்ந்தே பார்க்கமாட்டார்கள். முதலாளி "பிறகு வாங்கோ பிள்ளையள்" என்றால் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று சிரித்தபடி கேட்டு அவருக்கு முன்னாலேயே எழுதிக்கொள்ளுங்கள். காசு வராமல் விளம்பரத்தை அச்சுக்கு அனுப்பாதீர்கள். எங்களுக்கு இரண்டு கடைகள் தருகிறோம் என்றன. விளம்பரம் நிறத்தில் வந்தது, காசு வரவேயில்லை. வருமதி எப்படி அறவிடமுடியாக் கடனாகிறது என்பதை அன்றுதான் செய்முறையாகப் படித்தேன்.

அச்சகத்தில் விலை கேட்கும்போது மூன்று இடத்தில் எழுத்தில் வாங்குங்கள், அந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்பதும் அதில் இருக்க வேண்டும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த வருஷம் எங்களுக்குத் தந்த விலை மூன்று நாளுக்குத்தான் செல்லுபடி. நடுவில் பின் அடிக்கும் மலர் என்றால் மொத்தப் பக்கம் நான்கால் பிரிய வேண்டும். எங்களிடம் 73 பக்கத்துக்கு விஷயம் இருந்தது, புத்தகம் 76. மிஞ்சிய மூன்றையும் "கையொப்பங்கள்" என்று தலைப்புப் போட்டு வெறுமையாக விட்டோம். இன்றைக்கு எல்லாரும் திறந்து பார்ப்பது அதைத்தான், என் கவிதையை அல்ல.

இன்னொன்று. பிள்ளைகள் போனில் யுனிகோடில் அடித்து அனுப்புவார்கள், அச்சகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்வார்கள். மாற்றும்போது எழுத்துகள் குழம்பும். அச்சுக்கு முன் பார்வைப் பிரதியில் ஒவ்வொருத்தியும் தன் பெயருக்கு நேரே கையொப்பம் வைக்கட்டும். பிறகு "என் பெயரைப் பிழையாகப் போட்டுவிட்டீர்கள்" என்று யாராவது வந்தால் காட்ட அந்தத் தாள் இருக்கும்.

ஆசிரியர்களுக்கான பரிசுப்பொருளுக்குப் புறக்கோட்டை போதும். 100ஆம் இலக்க பஸ்ஸில் போய் இறங்கிக் கெய்சர் வீதிப் பக்கம் சுற்றுங்கள். இரண்டு பேர் போங்கள். ஆறு பேர் போனால் பேரமும் படியாது, ஐஸ்கிறீமுக்குத்தான் காசு போகும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் போகாதீர்கள். நாங்கள் போய்ப் பூட்டிய கதவுகளைப் பார்த்துவிட்டு வந்தோம்.

சாப்பாட்டுக்கு ஆள் எண்ணும்போது காவலாளி ஐயாவையும் துப்புரவு செய்யும் அக்காமாரையும் சேர்த்து எண்ணுங்கள்.

விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் பெறுவனவு கொடுப்பனவுக் கணக்கைப் பற்றுச்சீட்டுகளோடு வகுப்பில் வாசித்துவிடுங்கள். படிப்பு லீவு தொடங்கினால் ஆளைப் பிடிக்க முடியாது, எல்லாரும் ரியூசனில். எங்களுக்கு மிஞ்சியது 1,140 ரூபா. அதை என்ன செய்வது என்று அரை மணி நேரம் விவாதித்தோம். கடைசியில் அடுத்த வகுப்புக்கு ஒரு புதுப் பற்றுச்சீட்டுப் புத்தகமும் பூட்டுள்ள ஒரு காசுப் பெட்டியும் வாங்கினோம். பெட்டி ஆசிரியர் அறை அலுமாரியின் மேல் தட்டில் இருக்கும். திறப்பு கணக்கீட்டு மிஸ்ஸிடம்.