மோட்டார் சைக்கிள் கியர் பாக்ஸ்: வீட்டில் கழற்றுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கியர் சரியாக விழவில்லை என்றதும் பலர் முதலில் ஸ்பேனரைத்தான் தேடுகிறார்கள். முதல் தவறு அதுதான். கியர் பாக்ஸின் பற்சக்கரங்கள் கடினப்படுத்திய எஃகால் ஆனவை. எப்போதும் ஆயிலில் நனைந்துகொண்டே சுழல்பவை. அவை கெடுவது அரிது. வெளியே வேறெங்கோ இருக்கும் குறைதான் பெரும்பாலும் கியர் பாக்ஸின் குறையாகத் தோன்றுகிறது.

கிளட்சை முதலில் பாருங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது நியூட்ரல் எளிதாகக் கிடைக்கிறது, ஓடும்போது மட்டும் கிடைக்கவில்லை என்றால், லீவரைப் பிடித்தும் கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று பொருள். கேபிள் கிளட்ச் உள்ள பல வண்டிகளில் லீவரின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை தளர்வு இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும். தளர்வு அதற்கு மேல் போனால் கியர் முரண்டு பிடிக்கும். தளர்வே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும். கேபிளின் இழை பிரிந்திருக்கிறதா, உறைக்குள் துரு ஏறியிருக்கிறதா, கால் லீவரை அச்சோடு இறுக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா, செயின் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறதா என்பதையெல்லாம் இன்ஜினைத் தொடாமலே பார்த்துவிடலாம்.

உண்மையான கியர் பாக்ஸ் கோளாறு வேறு மாதிரி இருக்கும். இன்றைய மோட்டார் சைக்கிள்களில் எல்லா ஜோடிப் பற்சக்கரங்களும் எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே சுழல்கின்றன. நாம் கியர் மாற்றும்போது, ஷிஃப்ட் ஃபோர்க் என்னும் கவை வடிவத் துண்டு ஒரு சக்கரத்தைப் பக்கவாட்டில் நகர்த்தி, அதன் பக்கத்தில் இருக்கும் தடித்த முட்டுகளை அடுத்த சக்கரத்தின் குழிகளுக்குள் பொருத்துகிறது. அந்த முட்டுகளின் விளிம்பு தேய்ந்து உருண்டுபோனால், ஆக்சிலரேட்டரை முறுக்கும்போது அவை வழுக்கி வெளியே வந்துவிடும். அதனால்தான் இந்தக் கோளாறு குறிப்பிட்ட ஒரு கியரில் மட்டும், அதுவும் சுமை ஏறும்போது காட்டிக்கொள்ளும். எல்லாக் கியர்களுமே கடினமாக விழுந்தால் வெளியே தேடுங்கள். ஒரே ஒரு கியர் மட்டும் தானாக விடுபட்டால், உள்ளே போகத்தான் வேண்டும்.

பராமரிப்பு என்பதில் முக்கால் பங்கு ஆயில்தான். பெரும்பாலான நான்கு ஸ்ட்ரோக் வண்டிகளில் இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸ் மூன்றுக்கும் ஒரே ஆயில். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில். காருக்கான ஆயில் விலை அதிகம், ஆகவே தரமும் அதிகம் என்று நினைத்து ஊற்றுவது பெருந்தவறு. உராய்வைக் குறைக்கும் சேர்மானம் அதில் இருந்தால், ஆயிலில் நனையும் கிளட்ச் தட்டுகள் வழுக்கத் தொடங்கும். டப்பாவில் ஜாஸோ (JASO) என்னும் ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியீடு இருக்க வேண்டும். எம்பி என்று இருந்தால் அது இப்படி ஆயிலில் நனையும் ஈரக் கிளட்சுக்கு ஏற்றதல்ல.

அளவு பார்ப்பதிலும் தடுமாற்றம் உண்டு. பக்கவாட்டு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு பொய் சொல்லும். வண்டி நேராக நிற்க வேண்டும். அளவுக்குச்சியைத் திருகிப் பார்ப்பதா, மரையின் மேல் சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது வண்டிக்கு வண்டி மாறும்; இந்தச் சிறிய வேறுபாட்டில் கணிசமான ஆயில் கூடியோ குறைந்தோ போய்விடும்.

ஆயிலை வடிக்கும்போது டிரெயின் போல்ட்டைத் துடைத்துப் போடுவதற்கு முன் கவனித்துப் பாருங்கள். பல வண்டிகளில் அதன் முனையில் காந்தம் இருக்கும். மாவு போன்ற சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலால் தேய்த்தால் குத்தும் சில்லுகளோ, மூலை உடைந்த துண்டுகளோ இருந்தால் பற்சக்கரமோ பேரிங்கோ உடைந்துகொண்டிருக்கிறது. அதற்கு மேல் வண்டியை ஓட்டக் கூடாது. போல்ட்டைத் திரும்ப மாட்டும்போது புது வாஷர் போடுங்கள். அலுமினிய மரையில் முழு பலத்தையும் காட்டினால் மரை உரிந்துவிடும். எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்க இந்த ஒரு காரணமே போதும்.

திறப்பது என்று முடிவாகிவிட்டால், முதலில் கையேட்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கிராங்க் கேஸ், அதாவது இன்ஜினின் அடிக்கூடு, எந்தத் திசையில் பிரிகிறது? கிடைமட்டமாகப் பிரிவதில், இன்ஜினைக் கவிழ்த்து அடிப்பாதியைத் தூக்கினாலே பற்சக்கரங்கள் கோத்த கியர் தண்டுகள் கண்ணில் படும். செங்குத்தாகப் பிரிவதில் பெரும்பாலும் ஹெட், சிலிண்டர், மின்சாரம் உண்டாக்கும் மேக்னட், கிளட்ச் எல்லாமே கழன்றாக வேண்டும். இது தெரியாமல் தொடங்கிய வேலைகள் பாதியில் சாக்குப் பையில் முடிகின்றன.

இன்ஜினை இறக்கும் அவசரத்தில் பலர் மறப்பது, முன் ஸ்ப்ராக்கெட்டின் (செயின் ஓடும் முன்பக்கப் பற்சக்கரத்தின்) நட்டைத் தளர்த்துவதை. வண்டியில் செயின் இருக்கும்போதே, கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை மிதித்துக்கொண்டால் அது எளிதில் தளரும். இன்ஜின் மேசைக்கு வந்தபின் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. கிளட்ச் நட்டுக்குத் தாங்குகருவி இல்லாமல், தட்டுகளுக்கு இடையே திருப்புளியைச் செருகித் திருகுபவர்கள் தட்டுகளைத் தாங்கும் கிளட்ச் கூட்டின் விரல் போன்ற நீட்டல்களை உடைத்துவிடுகிறார்கள்.

ஜப்பானிய வண்டிகளின் பக்க மூடிகளில் இருக்கும் கூட்டல் குறி ஸ்க்ரூக்களும் இப்படித்தான். அவை ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. சாதாரண திருப்புளி முழுமையாக உட்காராமல் தலையைச் சிதைத்துவிடும். அதற்கென்று உள்ள திருப்புளியும், சுத்தியலால் அடித்துத் திருப்பும் திருப்புளியும் வேண்டும். மூடியின் போல்ட்டுகள் ஒரே நீளமாக இருக்காது. ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதன் இடத்தில் குத்தி வையுங்கள். குட்டைத் துளையில் நீண்ட போல்ட்டை முறுக்கினால் அலுமினியம் விரிசல் விடும்.

கேஸ் பிரிய மறுக்கிறதா? எங்கோ ஒரு போல்ட் இன்னும் இருக்கிறது. இணையும் பரப்பில் திருப்புளியை நுழைத்து நெம்பாதீர்கள். அங்கே விழும் ஒரு கீறல், என்ன பசை தடவினாலும் ஆயிலைக் கசியவிடும். ரப்பர் சுத்தியால் சுற்றிலும் மெதுவாகத் தட்டினால் போதும்.

கேஸைத் தூக்கும் அந்தக் கணத்தில் முழுக் கவனமும் தேவை. தண்டுகளின் முனையில் இருக்கும் மெல்லிய வாஷர்கள் ஆயில் பிசுக்கில் கேஸின் உட்புறத்தோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். பிறகு எங்கோ விழும். அது எந்தத் தண்டுக்குரியது என்று தெரியாமல் நிற்க நேரும். தூக்கும்போதே உள்ளே எட்டிப் பாருங்கள், படம் எடுங்கள். தண்டிலிருந்து கழற்றும் ஒவ்வொன்றையும், அதே வரிசையிலும் அதே முகமாகவும் ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். ஷிஃப்ட் ஃபோர்க்குகள் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் இடம் மாற்றிப் போடக் கூடாதவை. பற்சக்கரம் நகராமல் தண்டின் காடியில் பிடித்து நிற்கும் வளையமான சர்க்ளிப்பைக் கழற்றினால் திரும்பப் பயன்படுத்தாதீர்கள். புதியதை விரல் நுனியால் தடவினால் ஒரு பக்க விளிம்பு மழுங்கலாகவும் மறுபக்கம் கூராகவும் இருப்பது தெரியும். மழுங்கிய பக்கம் பற்சக்கரத்தையும் வாஷரையும் நோக்கியும், கூரான பக்கம் அவற்றுக்கு எதிர்ப்புறமும் இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் உந்துவிசையில் அது காடியிலிருந்து எகிறும் அபாயம் உண்டு. தண்டின் ஆயில் துளையும் அதன் மேல் வரும் புஷ்ஷின் துளையும் நேராக இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

கேஸை மூடுவதற்கு முன், தண்டுகளையும் ஃபோர்க்குகளையும் அவற்றின் இடத்தில் வைத்து, ஒரு தண்டைக் கையால் சுழற்றிக்கொண்டே ஃபோர்க்குகளை நகர்த்தும் உருளையான ஷிஃப்ட் டிரம்மைத் திருப்பி எல்லாக் கியர்களும் விழுகின்றனவா என்று சோதியுங்கள். தண்டு சுழலாமல் இருந்தால் முட்டுகள் குழிகளுக்கு நேராக வராது. கியர் விழாததைக் கண்டு வீணாகப் பதறாதீர்கள்.

கேஸின் பாதிகள் இணையும் பரப்பில் கசிவடைக்கும் பசையைத் தாராளமாகப் பூசுவது தவறு. பிதுங்கும் மிச்சம் உள்ளேதான் போகும்; உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைக்கும். மெல்லிய ஒரு படலம் போதும். புது கிளட்ச் தட்டுகளை மாட்டும் முன் ஆயிலில் ஊற வையுங்கள். வேலை முடிந்து சிறிது தூரம் ஓட்டியதும், கையேடு சொல்லும் கெடுவுக்குக் காத்திராமல் ஆயிலை ஒருமுறை மாற்றிவிட்டு, அந்தக் காந்தத்தை மீண்டும் பாருங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.