மதுரைக் கரும்புக் காட்டுக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், அலங்காநல்லூர் பக்கம் கரும்பையும் மலையையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் சித்திரைத் திருவிழா விடுமுறையில்தான் வருகிறார்கள். முதல் தவறு அது. அப்போது பொங்கல் கரும்பு நட்டு முளைத்துக்கொண்டிருக்கும். சிறுமலை அடிவாரத்துக் குட்லாடம்பட்டி அருவியில் வெறும் பாறைதான் தெரியும். இங்கே பச்சை என்பது ஐப்பசி, கார்த்திகை மழையும், முல்லைப் பெரியாறு அணையிலிருந்து 1895 முதல் வந்துகொண்டிருக்கும் தண்ணீரும் கொடுத்தது. கார்த்திகைக்குப் பிறகு தை வரை வாருங்கள். அருவியில் தண்ணீர் விழுகிறதா, ஆட்களை விடுகிறார்களா என்று வாடிப்பட்டியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மழை கொட்டுகிற அன்றைக்கு மட்டும் போக வேண்டாம்.

அடுத்தது, அரைக்கைச் சட்டையோடு கரும்புக்குள் புகுந்து படம் எடுப்பது. சோகையின், அதாவது கரும்பு இலையின் ஓரம் அரம் மாதிரி இருக்கும். உரசும்போது தெரியாது, வேர்வை பட்டதும் கை முழுக்கக் கோடு கோடாக எரியும். வரப்பிலேயே நின்று, "அண்ணே, ஒரு கரும்பு கிடைக்குமா?" என்று கேளுங்கள். அவரே அடியோடு வெட்டித் தருவார். காசு கொடுங்கள், வேண்டாம் என்றாலும் கொடுங்கள். பத்து மாத உழைப்பு அது. கடிக்கும்போது நுனியிலிருந்து தொடங்குங்கள். நுனி உப்புக் கரிக்கும், அடிக்குப் போகப் போக இனிப்பு ஏறும். அடியை முதலில் தின்றுவிட்டால் மிச்சம் ருசிக்காது.

வெல்லம் வாங்குவதிலும் ஏமாறுகிறார்கள். அலங்காநல்லூர்ப் பக்கக் கொட்டகைகளில் காய்ந்த சக்கையை எரித்துத்தான் பாகு காய்ச்சுவார்கள். கொப்பரையில் பொங்கும் அழுக்கை வழித்து வழித்து எடுத்த பிறகும் அசல் வெல்லம் கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும். பளிச்சென்ற மஞ்சளைப் பார்த்து வாங்காதீர்கள். ஹைட்ரோஸ் என்கிற ரசாயனம் போட்டு வெளுத்ததாக இருக்கலாம்.

அழகர்மலையில் நூபுர கங்கைக்கு ஏறும்போது கையில் தின்பண்டப் பை வேண்டாம், குரங்கு பிடுங்கிவிடும்.

அப்புறம் அரிட்டாபட்டி. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். லகர் வல்லூறு வாழும் குன்றுகள் அவை. பாட்டைச் சத்தமாக வைப்பதும், சமணர் படுகைக்கு மேலே உள்ள தமிழி என்கிற பழந்தமிழ் எழுத்துக் கல்வெட்டில் சாக்பீஸ் தேய்ப்பதும் தயவுசெய்து வேண்டாம். ஈராயிரம் வருடம் தாங்கிய எழுத்து அது.

காணும் பொங்கலன்று அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு. வெல்லம் வாங்க அன்றைக்குப் போனால் ஊருக்குள்ளேயே நுழைய முடியாது. பொங்கலுக்கு நான்கைந்து நாள் முன்னால் வந்தால், மேலூர் வயல்களில் வெட்டு நடக்கும். ரோட்டோரம் லாரியில் கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.