எரர் 95 வந்தால் ஃபெயிலா, ஸ்கிப்பா?

வெள்ளவத்தை வீட்டில் ஒரு பழைய மினி பிசி வைத்திருக்கிறேன். இரவெல்லாம் நெட்வொர்க் ட்ரைவர் டெஸ்ட்கள் அதில் தானாக ஓடும். காலையில் பார்த்தால் பாதி சிவப்பு. ட்ரைவரில் பிழையே இல்லை. பம்பலப்பிட்டியில் வாங்கிய யூஎஸ்பி அடாப்டருக்கு, டெஸ்ட்கள் கேட்கும் சில வசதிகளே கிடையாது. கேட்டால் 'அது இங்கே இல்லை' என்று எரர் 95 வரும். லினக்ஸ் கர்னலோடு வரும் டெஸ்ட் தொகுப்பான கேசெல்ஃப்டெஸ்ட்டை ஓட்டத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் எக்ஸிட் கோட், அதாவது டெஸ்ட் முடியும்போது திருப்பித் தரும் எண். 0 பாஸ், 1 ஃபெயில், 4 ஸ்கிப். ஷெல்லில் எழுதினால் 4 கொடுத்து வெளியேறுங்கள். எனக்குப் பைத்தான்தான் பிடிக்கும். கர்னலோடு வரும் நெட் லைப்ரரியில் கேஎஸ்எஃப்டி ஸ்கிப் எக்ஸெப்ஷனை எழுப்பினால் அந்த ஒரு கேஸ் மட்டும் ஸ்கிப் ஆகும், மற்றவை ஓடும். நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் கமாண்ட் சொல்வதை கிரெப் போட்டுத் துழாவ வேண்டாம். மெசேஜில் ஒரு சொல் மாறினால் போச்சு. கர்னலோடு நேரே பேசும் வழியான நெட்லிங்க்கில் கேட்டால் எரர் எண்ணே கைக்கு வரும்: 95, அதாவது 'ஆப்பரேஷன் நாட் சப்போர்ட்டட்'.

அடுத்தது கன்ஃபிக். டெஸ்ட் ஃபோல்டரிலேயே 'கன்ஃபிக்' என்றொரு ஃபைல் இருக்கும். அதில் உள்ளவற்றை உங்கள் கர்னல் கன்ஃபிக்கோடு சேர்த்து பில்ட் செய்யுங்கள். இதைச் செய்யாமல் வரும் ஸ்கிப் அடாப்டரின் குறை அல்ல, நம் சோம்பல்.

இனி நான் விழுந்த குழி. முழு டெஸ்டையும் ஒரே ட்ரை பிளாக்கில் போட்டு, எங்கே 95 வந்தாலும் ஸ்கிப் என்று எழுதியிருந்தேன். பிறகு ஒரு பேட்சில், ரிங் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை) அளவை மாற்றும் ஃபங்ஷனை, ட்ரைவரின் ஈத்டூல் ஆப்ஸ் என்ற ஃபங்ஷன் பட்டியலில் இருந்து தவறுதலாக நானே தூக்கிவிட்டேன். அளவைப் படிக்க முடிந்தது, மாற்றப் போனால் 95. ரிப்போர்ட்டோ பச்சைப் பசேல்! ஏன் தெரியுமா? கர்னல் டெஸ்ட் முடிவுகள் அச்சாகும் கேடாப் வடிவத்தில் ஸ்கிப் ஆன வரியும் 'ஓகே' என்றுதான் தொடங்கும், கடைசியில்தான் ஹாஷ் போட்டு 'ஸ்கிப்' என்று வரும். என் ஸ்கிரிப்ட் வரியின் தலையை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

இப்போது செய்வது இது. வசதி உண்டா என்று கேட்கும் ஒரு ஃபங்ஷன் கோலை மட்டும் ட்ரைக்குள் வைக்கிறேன். அதைத் தாண்டிய பின் 95 வந்தால் ஃபெயில். கூடவே, எந்த அடாப்டரில் எது இருக்க வேண்டும் என்று ஒரு சிறு பட்டியல். அதில் உள்ளது ஸ்கிப் ஆனால் அதுவும் சிவப்புத்தான். ஹார்ட்வேர் இல்லாதவர்கள் எந்த இன்டர்ஃபேஸில் ஓட வேண்டும் என்று சொல்லும் நெட்டிஃப் வேரியபிளைக் கொடுக்காமல் விடுங்கள், நெட்டெவ்சிம் என்ற போலிச் சாதனத்தில் ஓடும்.

பின்சேர்க்கை: "அண்ணா, எனக்கு 95 வரவில்லை, அன்நோன் எரர் 524 என்கிறது" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். 524 கர்னலுக்குள்ளேயே இருக்க வேண்டிய எண், யூசர்ஸ்பேசுக்கு, அதாவது கர்னலுக்கு வெளியே ஓடும் ப்ரோக்ராம்களுக்கு, வரவே கூடாது. அதை ஸ்கிப் பட்டியலில் சேர்க்காதீர்கள் தம்பி. ட்ரைவரில் அந்த ரிட்டர்னைத் தேடிப் பிடித்து 95 ஆக மாற்றுங்கள். அந்த ரிட்டர்னைப் புதிதாகச் சேர்க்கும் பேட்சில், பேட்ச்களைச் சரிபார்க்கும் செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டினால் அதுவே வார்னிங் காட்டும்.